மகளின் பையில் கிடைத்த முள் ஒட்டியாணம்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கக் கடிதம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கத்தைத் தருகிறேன்.

தாய்க்கு 51 வயது, மகளுக்கு 23. அசிசி பிரான்சிசின் வழிவந்த பெண்கள் துறவற சபை ஒன்றில் சேர்ந்து, நவதுறவு என்ற பயிற்சிக்காலம் முடித்து, சென்ற ஆண்டு முதல் வார்த்தைப்பாடு (தற்காலிகத் துறவற உறுதிமொழி) கொடுத்தவர் மகள். இப்போது சமவெளியில் ஒரு மடத்தில் தங்கி, பக்கத்துப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார். மே மாதம் பத்து நாள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். துவைக்கப் போட்ட உள்பாவாடையில் இரத்தக் கறை இருந்தது. மாதவிலக்கு என்று நினைத்துத் தாய் விட்டுவிட்டார். மறுநாள் குளிக்க வெந்நீர் கொண்டுபோய் வைக்கும்போது மகளின் வலது தொடையைச் சுற்றி வளையம் போட்டதுபோலப் புள்ளி புள்ளியாகக் காயங்களைப் பார்த்தார். சில கறுத்துக் காய்ந்திருந்தன, சில புதியவை. "என்னடி இது" என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை அம்மா, அப்பாவுக்காக ஒரு சின்னத் தபசு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மகள்.

அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தாய் பையைத் திறந்தார். பழைய துண்டுக்குள் ஒரு கம்பி வளையம். உள்பக்கம் நோக்கி வளைத்த கூர்முனைகள், கட்டிக்கொள்ள இரு ஓரத்திலும் நாடா. அடியில், மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறு ஒன்று. வளையத்தை எடுத்துப் பரணில் ஒளித்துவிட்டார். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் மடத்துக்குத் திரும்பிவிட்டாள்.

கடிதத்தில் என்னை நிறுத்தியவை இரண்டு இடங்கள். ஒன்று: "அந்தக் கம்பி எங்கள் தோட்டத்து வேலியுடையது. காட்டுப்பன்றிக்குப் பயந்து அவள் அப்பா தன் கையால் கட்டியது. முறுக்கைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்." மற்றொன்று, ஏழாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியது: தகப்பனார் ஒன்றரை ஆண்டுக்கு முன், கார்த்திகை மழையில், குடியால் கல்லீரல் கெட்டு இறந்தார். சாமியார் வந்து நோயில் பூசுதல் என்ற எண்ணெய்ச் சடங்கைச் செய்வதற்குள் உயிர் போய்விட்டது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால், மகள் வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

மூத்த மகன், அவளுக்குப் பைத்தியம், போலீசில் புகார் கொடுத்துத் தங்கையை அழைத்து வந்துவிட வேண்டும் என்கிறார். பங்குச் சாமியார், ஜெபியுங்கள், வெளியில் சொல்லாதீர்கள் என்றாராம். பக்கத்து வீட்டு அம்மாள், "பழனிக்கு அலகு குத்திப் போகிறவர்களை நாம் பைத்தியம் என்றா சொல்கிறோம்? உன் மகள் புனிதையாக வருவாள்" என்கிறார். தாயின் கேள்விகள் இவை: மடத்தில் அவளைக் கொடுமைப்படுத்துகிறார்களா? அவளுக்கு மனநோயா? சின்ன வயதில் புனிதர்களின் கதைகளைச் சொல்லி வளர்த்த என்னால் வந்த வினையா? ஒளித்து வைத்ததை என்ன செய்வது?

அம்மா, நான் மனநல மருத்துவர். பெருமாள்மலையில் பிறந்து வளர்ந்தவள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் என் பாட்டி சலேத் மாதா கோயில் மேட்டுக்கு, மார்கழிக் குளிர் இன்னும் விடாத காலைகளில்கூட, செருப்பில்லாமல் ஏறுவார். ஒருசந்தி என்ற ஒருவேளை உண்ணும் நோன்பும் சுத்தபோசனம் என்ற புலால் மறுப்பும் தெரிந்த வீட்டிலிருந்து வந்ததால், உங்கள் மகள் செய்ததை விசித்திரம் என்று ஒதுக்கிவிட்டு என்னால் பேச முடியாது. ஆனால் அந்தக் காயங்களைச் சின்னத் தபசு என்று ஏற்றுக்கொள்ளவும் என்னால் முடியாது.

முதலில், பையில் நீங்கள் பார்த்த பொருள்கள்.

வெள்ளைக் கயிற்றைச் சாட்டை என்று நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். அசிசியாரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இடுப்பில் கட்டும் கயிறு அது. மூன்று முடிச்சுகளும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைக் குறிப்பவை. யாரையும் அடிப்பதற்கானது அல்ல.

கம்பி வளையம் வேறு. பழைய ஞான நூல்களில் முள் ஒட்டியாணம் என்று படித்திருப்பீர்கள். இதன் மூதாதை மயிர்ச்சட்டை. பவுலின் ஊரான தர்சு இருந்த சிலிசியா நாட்டில் வெள்ளாட்டு மயிரால் முரட்டுத் துணி நெய்தார்கள். அந்த நாட்டின் பெயராலேயே இந்தத் தவ ஆடைக்கு இலத்தீனில் பெயர் வந்தது. துக்கத்துக்குச் சாக்கு உடுத்திச் சாம்பலில் உட்காரும் விவிலிய வழக்கத்தின் தொடர்ச்சியாகத் துறவிகள் அதைத் தோலை ஒட்டி அணிந்தார்கள். 1170-இல் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கட் கொல்லப்பட்டபோது, அவருடைய ஆடம்பர அங்கிக்கு அடியில் மயிர்ச்சட்டை இருந்ததைக் கண்டு அவருடைய துறவிகளே திகைத்தார்கள். பிற்காலத்தில் மயிரின் இடத்தில் கம்பியும் சங்கிலியும் வந்தன. 11-ஆம் நூற்றாண்டில் பீட்டர் தமியான் போன்றோர் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்ளும் பழக்கத்தைப் பரப்பினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகெங்கும் பல சபைகளின் நவதுறவு இல்லங்களில் இவை அளவோடும் அனுமதியோடும் வழக்கத்தில் இருந்தன. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பெரும்பாலான சபைகள் இவற்றைக் கைவிட்டுவிட்டன. ஒரு சில அமைப்புகளில் இன்றும் உண்டு.

உங்கள் மகளின் கையில் இருந்தது மடத்தில் கொடுத்த பொருளாகத் தோன்றவில்லை. அதை எனக்குச் சொன்னவர் நீங்களேதான். மடம் கொடுத்திருந்தால் உங்கள் தோட்டத்து வேலிக் கம்பியில் அது இருந்திருக்காது. அடக்கம் முடிந்து வந்து வீட்டில் இருந்த நாள்களிலோ, அதற்கு அடுத்த விடுமுறையிலோ அவளே வெட்டி வளைத்திருக்க வேண்டும். அப்பா கட்டிய வேலியிலிருந்து, அப்பாவுக்காக.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, மடத்தில் கொடுமை நடக்கிறது என்று நினைக்கும்படி உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை என்பதே என் பதில். உறுதியாகச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். கேட்காமல் முடிவு கட்டாதீர்கள்.

அலகும் இந்த வளையமும்

பக்கத்து வீட்டு அம்மாளின் கேள்வி நியாயமானது. நம் மலையடிவாரத்தில் தைப்பூசத்துக்கு அலகு குத்தி நடந்துவரும் பக்தரை எந்த மருத்துவரும் நோயாளி என்று சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வேண்டுதல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மாலை போட்டு விரதம் இருக்கிறார். குத்துவது பழகிய கை. கூட வீட்டாரும் ஊராரும் நடக்கிறார்கள், மயங்கினால் தாங்க ஆள் இருக்கிறது. சந்நிதியில் அலகை எடுத்துவிடுகிறார்கள். வேண்டுதல் அன்றோடு தீர்ந்தது. புண் சில நாளில் ஆறிவிடும்.

உங்கள் மகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவளுடைய தபசுக்கு முடியும் நாள் கிடையாது. கூட ஆள் கிடையாது. பழைய புண் ஆறுவதற்குள் புதிய புண் வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன, கம்பியின் கூர்மையைவிட.

அவள் உடனே ஒரு வசனம் சொல்வாள், தயாராக இருங்கள். நோன்பிருக்கும்போது மனிதருக்குத் தெரியாதபடி, மறைவாய் உள்ள தந்தைக்கு மட்டும் தெரியும்படி இருங்கள் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்பாள். அது தெருவில் தன் பக்தியைக் காட்டிக்கொள்பவர்களுக்குச் சொன்னது. வழிகாட்டுபவருக்கும் மறைக்கச் சொன்னதாகத் துறவற மரபு ஒருநாளும் அதைப் புரிந்துகொண்டதில்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு எழுதிய சட்டத்தில், தவக்காலத்தில் ஒருவர் கூடுதலாக என்ன ஒறுத்தல் செய்ய விரும்பினாலும் அதை மடாதிபதியிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும் என்கிறார். அனுமதியில்லாமல் செய்வது புண்ணியமாகாது, அகந்தையிலும் வீண்பெருமையிலும் சேரும் என்கிறார். இத்தனை கண்டிப்பாக அவர் எழுதியதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். தனிமையில் தன்னை வருத்திக்கொள்கிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. என் மருத்துவ அறையில் நான் அறிந்ததும் அதுதான்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் இப்படியே. ஸ்பெயினின் மன்ரேசாவில் 1522-இல் செய்த கடுந்தவத்தால் தம் வயிற்றை வாழ்நாள் முழுவதற்கும் கெடுத்துக்கொண்டவர் அவர். பிறகு மற்றவர்களுக்கு வழிகாட்டியபோது, வலி தசையோடு நிற்க வேண்டும், எலும்புவரை போகக் கூடாது, வலி தரலாம், நோய் தரக் கூடாது என்று எல்லை போட்டார். 1548-இல் ஸ்பெயின் பிரபு பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு துளி இரத்தத்தையும் வரவழைக்கும் தவத்தைத் தேடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். உங்கள் மகளின் பாவாடையில் இருந்தது ஒரு துளி இல்லை, அம்மா.

ஆனால் அவளுக்குச் சொல்ல மிகப் பொருத்தமானது அவளுடைய சபையே தந்தையாகக் கொண்டாடும் அசிசியாரின் கதை. சகோதரர்கள் பெருங்கூட்டமாகக் கூடியிருந்தபோது, பலர் உடம்பில் இரும்புக் கவசமும் இரும்பு வளையமும் அணிந்து நோயாளிகளாகி வருவதாக அவருக்குத் தெரிந்தது. கீழ்ப்படிதலின் பேரில் எல்லாவற்றையும் கொண்டுவந்து தம்முன் போடச் சொன்னார். கவசங்கள் மட்டும் ஐந்நூறு குவிந்தன, வளையங்கள் அதற்கும் மேல் என்கின்றன பழைய பிரான்சிஸ்கன் சரிதைகள். எதையும் திரும்ப எடுக்க விடவில்லை. இன்னொரு இரவு, கடும் நோன்பிருந்த சகோதரர் ஒருவர் பசியில் "சாகிறேன்" என்று அலறினார். பிரான்சிஸ் எழுந்து சாப்பாடு வைக்கச் சொல்லி, அந்தச் சகோதரர் கூச்சப்படாமல் இருக்கத் தாமும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தம் உடம்பைத் 'கழுதைத் தம்பி' என்று அழைத்து வாட்டி எடுத்த அதே மனிதர், 1226-இல் சாகும் தறுவாயில், அந்தத் தம்பிக்குத் தாம் பெரும் குற்றம் செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டார் என்றும் அந்தச் சரிதைகள் சொல்கின்றன.

புனிதர்களின் கதைகளைச் சொல்லி வளர்த்ததற்காக உங்களை நொந்துகொள்கிறீர்கள். கதைகளை விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் பாதிக் கதைதான் சொல்கிறோம், கழற்றிப் போட்ட பாதியைச் சொல்வதில்லை. அதை இப்போது சொல்லுங்கள்.

இது மனநோயா?

கடிதத்தை வைத்து நோயின் பெயர் சொல்ல மாட்டேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், ஒருவருடைய மத நம்பிக்கை ஊராரின் நம்பிக்கையிலிருந்து மாறுபடுகிறது என்பதற்காக மட்டும் அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. ஆகவே உங்கள் மகன் அவசரமாக ஒட்டிய 'பைத்தியம்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

நான் பார்ப்பது வழி கிடைக்காத துக்கம். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. அவர் பூசுதல் பெறாமல் போனார், குடித்துப் போனார், ஆகவே உத்தரிக்கிற ஸ்தலத்தில் (பாவம் கழிய இறந்தோரின் ஆன்மா வேதனைப்படும் நிலையில்) நீண்ட காலம் வேகிறார், அந்தக் காலத்தைத் தன் வலியால் குறைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு அவள் மனத்தில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அது தவறான கணக்கு என்று நான் வாதாடப் போவதில்லை. அதற்கு ஒரு நல்ல ஆன்ம குரு வேண்டும். இறந்தோருக்காகத் திருச்சபை முதலில் முன்வைப்பது திருப்பலியும் ஜெபமும் தானதர்மமும்தான் என்பதை அவர் எடுத்துச் சொல்வார்.

உடல் பக்கத்திலும் ஒன்று நடக்கிறது. காயம் பட்டால் உடல் தானே வலி நீக்கும் பொருள்களைச் சுரக்கிறது. மனம் தாங்க முடியாமல் தவிக்கும்போது ஏற்படுத்திக்கொள்ளும் வலி, சற்று நேரம் அந்தத் தவிப்பை அமர்த்தும். அமர்ந்த அந்த நேரத்தை ஜெபம் கேட்கப்பட்டதன் அமைதி என்று ஒரு பக்தியுள்ள பெண் எடுத்துக்கொள்வது மிக எளிது. தவிப்பு திரும்பி வரும். நாடாவை இன்னும் ஒரு விரற்கடை இறுக்கத் தோன்றும். இப்படித்தான் பழக்கம் ஆகிறது. இதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, நன்றாகப் பலன் தரும். கூடவே மனச்சோர்வு இருந்தால் மட்டும் மாத்திரை தேவைப்படலாம். சிகிச்சைக்கு வர அவள் துறவறத்தை விட வேண்டியதில்லை, விசுவாசத்தைத் தள்ளவும் வேண்டியதில்லை.

புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. துருப்பிடித்த கம்பியால்தான் டெட்டனஸ் வரும், இந்தக் கம்பி பளபளப்பாக இருந்ததால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். துருவுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. எருப்போட்ட தோட்டத்தில் நின்ற வேலிக் கம்பி, ஆழமாகக் குத்திய சிறு புண் இரண்டும் அதற்கு வசதியானவை. ஐந்து ஆண்டுக்குள் தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்த அரசு மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ளலாம். சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய் எரிந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாடா இறுகி நரம்பை அழுத்தினாலும் இப்படி மரக்கும்.

போலீஸ், மடத்துத் தலைவி, மகள்: யாரிடம் முதலில்?

உங்கள் மகனின் கோபம் தங்கையின் மேல் உள்ள பாசம்தான், புரிகிறது. ஆனால் அவள் வயது வந்தவள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டாலும், நீதிபதி அவளைத்தான் கேட்பார்: உன் விருப்பம் என்ன? 'என் விருப்பத்தோடுதான் இருக்கிறேன்' என்று அவள் சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்தது. அதன் பிறகு அவள் உங்களிடம் வாய் திறக்க மாட்டாள். யாராவது அவளை அடித்தார்கள், கட்டாயப்படுத்தினார்கள் என்று தெரிந்தால் அது குற்றம், அப்போது தயங்காமல் புகார் கொடுங்கள், நானும் உடன் நிற்கிறேன். இப்போது அதற்கு ஆதாரம் இல்லை.

அடுத்தது, அவளுக்குத் தெரியாமல் இல்லத் தலைவியிடம் சொல்வது. தினமும் அவளைப் பார்க்கக்கூடியவர் அவர்தான் என்பதால் இதில் நன்மை உண்டு. ஆனால் அம்மா பையைத் துழாவினாள், அம்மாவே காட்டிக்கொடுத்தாள் என்ற இரண்டு காயங்கள் கூடுதலாகச் சேரும். உங்கள் பயம் வேறு என்பதும் தெரிகிறது: விஷயம் தெரிந்தால் சபையிலிருந்து அனுப்பிவிடுவார்களோ? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதில் நீங்கள் நினைப்பதைவிடக் கனிவானது. வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு வந்த உடல் நோயோ மன நோயோ ஒருவரைச் சபை வாழ்வுக்குத் தகுதியற்றவராக்கிவிட்டது என்று வல்லுநர்கள் கருதினால், வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்கச் சபை மறுக்கலாம் என்பது உண்மை. சபையின் கவனக்குறைவாலோ சபையில் செய்த வேலையாலோ அந்த நோய் வந்திருந்தால் அப்படி மறுக்க முடியாது. உதவி கேட்டாள் என்பதற்காக ஒரு பெண்ணை மறுநாள் பஸ் ஏற்றிவிட அந்தச் சட்டத்தில் இடமில்லை. தன் மனசாட்சியைத் திறந்து காட்டும்படி உறுப்பினரைத் தலைவி எந்த வகையிலும் தூண்டக் கூடாது என்றும் அது தடுக்கிறது. அவளாகவே விட்டு வர விரும்பினாலும், தற்காலிக வார்த்தைப்பாட்டுக் காலம் முடியும்போது தாராளமாக வரலாம். அதற்கு முன்பே என்றால் கனமான காரணம் சொல்லிச் சபைத் தலைமையிடம் அனுமதி கேட்கலாம். கதவு இரண்டு பக்கமும் திறக்கும் என்பது அவளுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

நான் சொல்வது மூன்றாவது வழி. முதலில் மகளிடம் பேசுங்கள், அவளே இல்லத் தலைவியிடமோ பயிற்சிப் பொறுப்பாளரிடமோ ஆன்ம குருவிடமோ சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பேச்சை மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு பார்க்க அனுமதி உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறே போங்கள். போனில் வேண்டாம், மடத்து வரவேற்பறைப் போனில் இதைப் பேச முடியாது. மகனை அழைத்துப் போகாதீர்கள். பங்குச் சாமியார் ஜெபிக்கச் சொன்னது சரி. வெளியில் சொல்ல வேண்டாம் என்றதை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கும் மடத்துப் பொறுப்பாளருக்கும் சேர்த்து அவர் சொல்லியிருந்தால், அதை ஏற்காதீர்கள்.

என்ன பேசுவது

ஒளித்து வைத்ததிலிருந்து தொடங்குங்கள். "உன் பையை நான் திறந்தேன். அதை எடுத்து வைத்திருக்கிறேன். கேட்காமல் எடுத்தது தப்பு" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவள் கேட்காமல் போனதால் தெரியாது என்று நினைக்கிறீர்களா? மறைப்பவருக்குப் பொருள் காணாமல் போனது முதல் நிமிடத்திலேயே தெரியும். இரண்டு பேரும் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருக்கிறீர்கள், அந்த மௌனத்தில் அவள் புதிதாக ஒன்று செய்துகொள்ள முடியும். கம்பிக்குப் பஞ்சமில்லை.

வளையத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். எரிக்கவோ ஓடையில் எறியவோ வேண்டாம். அவள் அப்பா கைபட்ட கம்பி அது. அதை என்ன செய்வது என்று பிறகு அவளே சொல்லட்டும்.

காயத்தைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். இனிமேல் செய்ய மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியத்தை மீறினால் அந்தக் குற்ற உணர்வுக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்துக்கொள்வாள். "அப்பாவைப் பற்றி நாம் பேசவே இல்லையே" என்று கேளுங்கள். அவர் குடித்ததையும் பேசுங்கள், நல்லவராக இருந்த நாள்களையும் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி நான்கு வரிதான் இருக்கிறது. உங்களுக்கும் அந்தப் பேச்சு மீதி இருக்கிறது என்று நினைக்கிறேன். அவள் அழுதால் அழட்டும். பலகாரம் கொண்டுபோயிருப்பீர்கள், அவளை மட்டும் சாப்பிடச் சொல்லாமல் நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பிறகு மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஏதாவது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும் அழைக்கலாம். மருத்துவரிடம் அவள் சொல்வதை அவள் சம்மதமில்லாமல் தலைவியிடமும் சொல்ல முடியாது, உங்களிடமும் சொல்ல முடியாது. தற்கொலை ஆபத்துபோல உயிருக்கு அச்சம் இருப்பது போன்ற சில நிலைகளில் விதிவிலக்கு உண்டு. இதை அவளுக்குச் சொன்னால் வருவதற்குத் துணிவு வரலாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

'அப்பாவிடம் போய்விட்டால் நல்லது', 'நான் இருந்து என்ன' என்ற வகையில் எதையாவது அவள் சொன்னால், சாப்பாட்டைப் பெரும்பாலும் நிறுத்தி உடல் வற்றி மாதவிலக்கும் நின்றிருந்தால், ஒரு குரல் தன்னை அடித்துக்கொள்ளக் கட்டளையிடுகிறது என்றால், காய்ச்சலோடு புண் மோசமாகியிருந்தால், மேலே சொன்ன வரிசை எதையும் பார்க்காதீர்கள். அன்றே இல்லத் தலைவியிடம் நேராகச் சொல்லி, இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தாடை இறுகி வாய் திறக்கச் சிரமம் என்றால் அது டெட்டனசாக இருக்கலாம், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அவள் உங்கள்மேல் கோபப்பட்டால் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள், அவள் வேதனையைக் குறைக்க நீங்கள் என்ன தவமுயற்சி செய்யலாம் என்று. அவளுக்கு ஒரு நாள் அனுமதி வாங்கிக் கொடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள்வரை தள்ள வேண்டாம், வரும் வாரங்களிலேயே கேளுங்கள், தகப்பன் கல்லறைக்குப் போகவேண்டும் என்று கேட்கும் மகளை எந்தத் தலைவியும் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன். அப்பா பெயரில் ஒரு திருப்பலிக்குச் சொல்லி வையுங்கள். அது முடிந்ததும் கல்லறைக்கு நீங்கள் இருவர் மட்டும் போங்கள். அடக்கத்தன்று அவள் போட முடியாத அந்தப் பிடி மண்ணை, தோட்டத்திலிருந்து நீங்களே ஒரு துணியில் எடுத்துக்கொண்டு போங்கள்.